பந்து நிலத்தில் பட்டதா

என் அப்பாவுக்கு உலகத்தில் இரண்டு விஷயங்களில் சந்தேகமே வந்ததில்லை. ஒன்று பிள்ளையார். மற்றது, அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பின்னேரம் கொழும்பில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் பிடித்த பந்து. பிள்ளையாரைப் பற்றி அவரோடு வாதாட யாரும் வந்ததில்லை. பந்தைப் பற்றி வாதாட ஒரே ஒரு மனிதர் இருந்தார். குறிகட்டுவானுக்கும் எங்கள் நயினாதீவுக்கும் இடையில் மோட்டர் வள்ளம் ஓட்டிய தண்டையல். பந்து முதலில் நிலத்தில் பட்டது, பிறகுதான் அவன் கைக்குப் போனது என்பது தண்டையலின் கட்சி. இந்த வழக்கு எங்கள் கோயில் முற்றத்தில் வருடக்கணக்காக நடந்தது. அதற்குள் நாடு எங்கெங்கோ போய்விட்டது. வழக்கு மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

எங்கள் கோயில் இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளையார் கோயில். தீவின் பெரிய கோயிலில் அம்மனைக் கும்பிட வருகிறவர்கள் வள்ளத்தால் இறங்கிய கையோடு எங்கள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு நடப்பார்கள். அப்பா அங்கே பூசகர். கோயிலை ஒட்டியே வீடு. அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர். நாலாவது ஆள் என்று சொல்வதானால் அப்பாவின் ரேடியோ. அது மடைப்பள்ளி யன்னல் விளிம்பில் இருக்கும். கோயிலுக்குள் ரேடியோ வைப்பது ஆசாரமா என்று அம்மா கேட்டால், யன்னல் விளிம்பு கோயிலுக்கும் சேராது வீட்டுக்கும் சேராது என்பார் அப்பா. இப்படி அவருக்கு வேண்டிய இடத்தில் மட்டும் சாஸ்திரம் நன்றாக வளைந்து கொடுக்கும்.

தண்டையல் பக்கத்துத் தீவான புங்குடுதீவின் மடத்துவெளியைச் சேர்ந்தவர். அந்த ஊர் ஆண்கள் பலரையும் போல மீசை முளைக்கும் முன்பே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். அங்கேயே வளர்ந்து, அங்கேயே சொந்தக் கடை வைத்து, எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்த பிறகு ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். பிறகு சொந்தக்காரர்களோடு சேர்ந்து இந்த வள்ளத்தை வாங்கினார். முதல் நாள் ஓட்டத்துக்கு முன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வந்தவர், உடைத்த தேங்காய் எப்படிப் பிளந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. ரேடியோவில் கிரிக்கெட் போய்க்கொண்டிருந்த யன்னல் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, எத்தினை பேர் அவுட்?"

அப்பா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, "உமக்கும் உதிலை ஈடுபாடோ?" என்று கேட்டார்.

"என்ன ஐயா கேக்கிறியள்? நான் கப்பல் ஆட்டம் பாத்த ஆளெல்லோ."

அப்பா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். பூசைக்கு நடுவில் அவர் தட்டைக் கீழே வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயதிருக்கும்.

கப்பல் ஆட்டம் என்றால் என்ன என்று அன்றுதான் நான் முழுதாகக் கேட்டேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில்தான் போகுமாம். போகிற வழியில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் தண்ணீருக்கும் சாமானுக்குமாக ஒதுங்கும். கப்பல் நிற்கிற அந்த ஒரு பகலில் விளையாட்டுக்காரர்கள் இறங்கி வந்து எங்கள் நாட்டு ஆட்களோடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கம் ஆடுகிறவர்கள் கந்தோரில் எழுத்து வேலை பார்ப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர்கள். நாளைக்குக் காலையில் திரும்பவும் வேலைக்குப் போக வேண்டியவர்கள். வெள்ளைக்காரர்களோ நாளைக்குக் காலையில் நடுக்கடலில் இருப்பார்கள். ஒரு பகல் மட்டும் இரண்டு கூட்டமும் ஒரே புல்லில் நிற்கும். பின்னேரம் கப்பல் ஊதினால் ஆட்டம் முடிந்தது.

அந்த ஊதல் சத்தத்தை அப்பா அடிவயிற்றிலிருந்து எடுத்துக் காட்டுவார். மந்திரம் சொல்லிப் பழகிய தொண்டை. உண்மையாகவே ஒரு கப்பல் எங்கள் கிணற்றடிக்கு வந்துவிட்டது என்று நான் எட்டிப் பார்ப்பேன்.

இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். அப்பா அப்போது கொழும்பில் உறவுக்காரர் ஒருவர் பூசை செய்த கோயிலில் உதவிக்கு நின்ற இளவட்டம். மாலைப் பூசைக்குப் பூ வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பூக்கூடையும் குடுமியுமாக மைதானத்து மதிலுக்கு வெளியே நின்ற மரத்தில் ஏறிவிட்டார். தண்டையல் கடைச் சாமான் வண்டியை வெளியே ஓர் ஆளிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, உள்ளே எல்லைக் கயிற்றின் ஓரமாகப் புல்லில் குந்தியிருக்கிறார். பொழுது சாய்கிறது. எங்கள் ஆட்களுக்கு இன்னும் கொஞ்ச ஓட்டம்தான் வேண்டும். கப்பல் எந்த நேரமும் ஊதலாம். ஆடிக்கொண்டிருந்த எங்கள் ஆள் ஒரு பந்தைத் தூக்கி அடிக்கிறான். பந்து கடல் பக்கமாக, சூரியனுக்குள் போய் மறைகிறது. ஒரு வெள்ளைக்காரன் பின்பக்கமாக ஓடுகிறான், ஓடுகிறான், பாய்கிறான்.

"பிடிச்சான்!" இது அப்பா.

"பட்டது!" இது தண்டையல். சொல்லும்போது உள்ளங்கையால் நிலத்தைத் தட்டிக் காட்டுவார். எப்போதும் அப்படித்தான். வாயால் சொல்ல மறந்தாலும் கை மறக்காது.

நடுவர் விரலைத் தூக்கினார் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆட்டமிழந்தவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தான் என்பதிலும் இல்லை. அவன் பாதி வழி போகையில் கப்பல் ஊதியது என்பதிலும் இல்லை. நடுவில் அந்த ஒரு கணம்தான் வழக்கு.

"மரத்துக்கு மேலை இருந்தவருக்கு நிலம் எப்பிடி ஐயா தெரியும்?"

"நிலத்திலை இருந்தவருக்கு முன்னுக்கு நிண்டவன்ரை முதுகுதானே தெரியும், காணும்?"

முதல் நாள் இப்படித்தான், ஒருவர் 'ஐயா' என்றும் மற்றவர் 'காணும்' என்றும் கூப்பிட்டுக்கொண்டு தொடங்கியது. அன்று வள்ளம் பிந்தித்தான் வெளிக்கிட்டது.

அதன் பிறகு வள்ளம் காலை ஓட்டம் வந்து சேர்ந்ததும் தண்டையல் நேரே எங்கள் முற்றத்துக்கு வந்துவிடுவார். உச்சிக்காலப் பூசை வரைக்கும் இருவரும் வேப்பமரத்துக்குக் கீழே. வைரவருக்குச் சாத்தியிருந்த எலுமிச்சை மாலையிலிருந்து பழைய தேசிக்காய்களைக் கழற்றி அப்பா மணலில் மைதானம் பரப்புவார். தேசிக்காய்தான் ஆட்கள். ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் அது மரம். பூவரசங்காய் ஒன்று பந்து. பந்தை விரலால் சுண்டிவிட்டு, வெள்ளைக்காரத் தேசிக்காயை அப்பா மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போவார். தண்டையல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். முடிவு இருவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தேசிக்காய் உருண்டு போகிற நேரத்தில் இரண்டு பேரின் முகமும் மாறிவிடும். தலை நரைத்தவர்கள் என்று சொல்ல முடியாது.

எனக்கு முதலில் எரிச்சல்தான். இரண்டு வளர்ந்த ஆண்கள் காய்ந்த தேசிக்காய்களை வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் என் காதும் அங்கேயே கிடந்தது. நாளாக நாளாக, நான் பிறக்கும் முன்பே நடந்து முடிந்த அந்த ஆட்டத்தை நானும் பார்க்கத் தொடங்கினேன். வெள்ளை உடுப்புகளும், பின்னேர வெயிலும், மரக்கிளையில் பூக்கூடையோடு இருந்த அப்பாவும் எனக்குக் கனவில் வந்தார்கள். என் வாழ்க்கையில் நான் அதிக தடவை பார்த்த கிரிக்கெட் ஆட்டம் அதுதான். ஒரு தடவையும் கண்ணால் பார்த்ததில்லை.

ரேடியோவில் வருகிற புதுக் கிரிக்கெட்டை இருவரும் கேட்பார்கள், கேட்டுக்கொண்டே திட்டுவார்கள். ஐம்பது ஓவரில் முடிகிற ஆட்டம் அப்பாவுக்கு அரைகுறைப் பூசை மாதிரி. "அபிஷேகம் இல்லாமல் தீபத்தை மட்டும் காட்டினால் சரியோ?" என்பார். தலைக்கவசம் வந்தது தண்டையலுக்குப் பிடிக்கவே இல்லை. "முகத்தை மூடிக்கொண்டு ஆடுறவனை ஆர் ஐயா நினைவு வைச்சிருக்கிறது?" என்று கேட்பார். அந்தக் காலத்து ஆட்டக்காரன் ஆட்டமிழந்தால் நடுவரைப் பார்க்காமலே நடப்பானாம். பந்து வீசுகிறவன் விழுந்த மட்டைக்காரனைக் கை கொடுத்துத் தூக்கிவிடுவானாம். எல்லாம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சொன்ன விதத்தில் நம்பாமல் இருக்க முடியவில்லை.

இவர்களால் ஒருநாள் தீவின் நேரமே நின்றுபோனது. எங்கள் சுவர் மணிக்கூடு ஓடாமல் நின்று கனகாலம். தண்டையலின் கைக்கடிகாரம் உப்புத் தண்ணீர் குடித்து எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. தண்டையல் எழும்பினால், நேரமாகிவிட்டது என்று அப்பா உச்சிக்கால மணியை அடிப்பார். அப்பா மணியை அடித்தால், நேரமாகிவிட்டது என்று தண்டையல் வள்ளத்துக்கு எழும்புவார். வள்ளத்தில் திரும்பிப் போகிற சனம் அந்த மணியைக் கேட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறும். இந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை அன்று வரை யாருக்கும் தெரியவில்லை.

அன்று ரேடியோவில் யாரோ ஒருவன் பாய்ந்து பந்து பிடித்ததாகச் சொன்னார்கள். போதாதா? தேசிக்காய்கள் இறங்கின. காற்று எந்தப் பக்கம் வீசியது, புல் ஈரமாக இருந்ததா, வெள்ளைக்காரன் எழும்பியபோது அவன் முழங்கையில் பச்சை இருந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரணை நடந்தது. தண்டையல் எழும்பவில்லை, ஆகவே அப்பா மணி அடிக்கவில்லை. மணி அடிக்கவில்லை, ஆகவே தண்டையல் எழும்பவில்லை. வேப்பமர நிழல் காலடியிலிருந்து வெளியே நீளத் தொடங்கியது. துறையில் சனம் வெயிலில் குந்திக்கொண்டு கோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் யாழ்ப்பாணம் போக நின்ற ஒரு மனுசி கோழிக்கூடையோடு முற்றத்துக்கு வந்து நின்றாள்.

"ஐயா, இண்டைக்குப் பிள்ளையாருக்குப் பசிக்கேல்லையோ?"

அப்பா துள்ளி எழும்பியதில் வேட்டி தடக்கி ஆஸ்திரேலியா போக வேண்டிய அணி முழுவதும் சிதறி ஓடியது. தண்டையல் துறைக்கு ஓடினார். அன்றைய மணியை அப்பா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் அடித்தார், பிராயச்சித்தமாக இருக்க வேண்டும். அம்மா அன்று இரண்டு பேரையும் பேசாத பேச்சில்லை. "உங்களுக்குப் பூசையும் வேண்டாம், அவருக்கு வள்ளமும் வேண்டாம். ரெண்டு பேரும் அந்த மரத்திலையே போய்க் குடியிருங்கோ." அடுத்த நாள் காலையில் தேசிக்காய்கள் திரும்ப இறங்கின. ஒரே மாற்றம், நேரத்துக்கு எழும்பச் சொல்கிற வேலை அம்மாவுக்குப் போனது.

இன்னொரு நாளும் எனக்கு மறக்காது. தேசிக்காய் உருட்டி முடிவு காண ஏலாது, ஆளை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று தண்டையல் சொன்னார். ஆள் யார்? நான்தான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோயில் மதில் பக்கமாக நின்றேன். தண்டையல் ஒரு தேசிக்காயை வானத்துக்கு எறிந்தார். நான் பின்பக்கமாக ஓடினேன். கண்ணுக்குள் வெயில். தேசிக்காய் தெரியவில்லை, பிறகு தெரிந்தது, பிறகு பாய்ந்துவிட்டேன். முகம் மணலில் புதைந்தது. வாய்க்குள்ளும் மணல். கண்ணைத் திறந்தபோது தேசிக்காய் என் கைக்குள் இருந்தது. நசிந்த தேசிக்காயின் மணம் மூக்கில் ஏறியது. இரண்டு பேரும் எனக்கு மேலே குனிந்து நின்றார்கள்.

"பிள்ளை, பட்டதோ?" இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. "தெரியேல்லை," என்றேன்.

அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "பிடிச்ச பிள்ளைக்கே தெரியேல்லை, உமக்கு எப்பிடித் தெரியும், காணும்?" என்றார் அப்பா. "அதைத்தானே ஐயா நானும் கேக்கிறன்!" என்றார் தண்டையல். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முழங்கால் எரிந்தாலும் நானும் சிரித்தேன். நான் மிகச் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணினால் அந்த நாளும் வரும்.

இந்தியப் படை நின்ற காலத்தில் பிரான்ஸிலிருந்து லீவில் வந்த ஒருவர், தன் வீட்டு முற்றத்தில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஜெனரேட்டரில் கிரிக்கெட் கசெட் போட்டார். ஊரே போனது. அப்பாவும் தண்டையலும் முன்வரிசைக் கதிரைகளில். மஞ்சள் உடுப்பும் நீல உடுப்புமாக ஆட்கள் ஓடினார்கள். ஒருவன் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தான். சனம் கை தட்டியது. உடனே அதையே மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பிறகு வேறொரு பக்கத்திலிருந்து. பிறகு கிட்டத்தில். விரலுக்கும் புல்லுக்கும் இடையில் இருந்த இடைவெளி எல்லோருக்கும் தெரிந்தது.

தண்டையல் எழும்பிவிட்டார். அப்பாவும் பின்னால் எழும்பினார். நானும் போனேன்.

"ஒரு பந்தை எத்தினை தரம் ஐயா பிடிக்கிறாங்கள்?" என்றார் தண்டையல். "கதைக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சேல்லையே."

"எங்கடை ஆட்டத்தை ஒருத்தரும் படம் பிடிக்கேல்லை," என்றார் அப்பா, பெரிய ஆபத்திலிருந்து தப்பியவரைப் போல.

தொண்ணூறாம் ஆண்டு தொடக்கத்தில் தண்டையலைக் கனடாவுக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய பிள்ளைகள் அங்கேதான். மனைவியும் முன்பே அங்கே போய்விட்டாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. வள்ளத்தை அக்காவின் மகனான மருமகனிடம் கொடுத்துவிட்டு வெளிக்கிடப் போகிறார் என்று அவரே வந்து சொன்னார். அப்பா, "நல்லது, நல்லது," என்று மட்டும் சொன்னார். அன்று தேசிக்காய்களை எடுத்தவர் அடுக்கி வைக்காமல் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

அவர் போவதற்கு முதல்நாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மாதான் அந்தக் கதையை எடுத்தாள்.

"இஞ்சை பாருங்கோ. போற மனுசன். இனி எப்ப காணப்போறமோ. ஒருக்கா அவர் சொன்னதுதான் சரி எண்டு சொல்லிவிடுங்கோவன். சொன்னால் உங்கடை குடுமி அவிண்டிடுமோ?"

"பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"கடை எரிஞ்சு வந்த மனுசன். உதிலையாவது வெண்டுபோட்டுப் போகட்டுமே."

நானும் அம்மாவின் பக்கம் சேர்ந்தேன். அப்போது அது எனக்கு மிக நல்ல யோசனையாகத்தான் பட்டது. போகிற ஒருவருக்குக் கொடுத்தனுப்ப எங்களிடம் வேறு என்ன இருந்தது? அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு பாதியில் கையைக் கழுவிவிட்டு எழும்பினார்.

மறுநாள் தண்டையல் காற்சட்டையும் சப்பாத்துமாக வந்தார். பார்க்க யாரோ மாதிரி இருந்தது. பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்து, திருநீறு வாங்கி, அம்மா இலையில் மடித்துக் கொடுத்த பொங்கல் புக்கையையும் வாங்கிக்கொண்டார். அப்பா துறை வரைக்கும் கூட நடந்தார். அப்பா பூசை உடையோடு துறைக்கு வருவது வழக்கமே இல்லை. நானும் பின்னால் போனேன். வள்ளத்தை அன்று மருமகன் ஓட்டினான். தன் சொந்த வள்ளத்தில் தண்டையல் அன்றுதான் முதல் தடவையாகப் பயணியாக ஏறப் போகிறார்.

ஏறப் போனவரை அப்பா கையில் பிடித்து நிறுத்தினார்.

"நீர் சொன்னதுதான் சரி. பந்து நிலத்திலை பட்டது."

தண்டையலின் முகத்தில் சிரிப்பு வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. இருந்த சிரிப்பும் போனது. காது கேட்காதவரைப் போல அப்பாவைப் பார்த்தார்.

"ஏன் ஐயா இப்பிடிச் சொன்னனீங்கள்?"

"யோசிச்சுப் பாத்தனான். உண்மை அதுதான்."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது ஐயா." தண்டையல் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அங்கை பனிக்குள்ளை பூட்டின வீட்டுக்குள்ளை இருந்து, உங்களோடை மனசுக்குள்ளை சண்டை பிடிச்சாவது காலத்தைப் போக்காட்டுவம் எண்டு இருந்தனான். அதையும் பறிச்சுப்போட்டியளே."

தண்டையல் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இயந்திரம் படபடத்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். வள்ளம் துறையை விட்டு விலகியது. எனக்கு அழுகை வந்தது. நேற்றுப் பெரிய புத்திசாலியாக அம்மாவோடு சேர்ந்து தலையாட்டியதை நினைத்து என் மேலேயே கோபம் வந்தது.

அப்பா வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறையின் நுனிக்கு ஓடத் தொடங்கினார். வடை விற்கிறவள், சாமான் இறக்குகிறவர்கள், கும்பிட வந்த சனம் எல்லாம் விலகி நின்று பார்த்தது. பூசகர் ஐயா ஓடி அவர்கள் பார்த்ததே இல்லை.

"பிடிச்சவன்!" என்று அப்பா கத்தினார். "பிடிச்சவன், காணும்! நான் என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்!"

இயந்திரச் சத்தத்தில் அது கேட்டிருக்காது. ஆனால் வள்ளத்தில் இருந்த யாரோ தண்டையலின் தோளைத் தட்டித் திருப்பினார்கள். அப்பா இரண்டு கைகளையும் நெஞ்சோடு குவித்துப் பிடித்துக் காட்டினார். பிறகு வலது கையை உயர்த்தி, நடுவரைப் போல ஒற்றை விரலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றார். மார்பில் பூணூல், நெற்றியில் திருநீறு, காற்றில் அவிழ்ந்த குடுமி.

தண்டையல் எழும்பி நின்றார். வள்ளம் ஆடியது. அவர் குனிந்து, வள்ளத்தின் பலகையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. வள்ளம் சிறிதாகும் வரைக்கும் தட்டிக்கொண்டே போனார். அப்பாவும் விரலை இறக்கவில்லை. தூரத்தில் தண்டையல் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா இரண்டையும் செய்துகொண்டிருந்தார்.

அந்த வருட நடுவில் திரும்பவும் சண்டை தொடங்கியது. வள்ளங்கள் நின்றன. துறையில் கடற்படை வந்து நின்றது. ரேடியோவுக்குப் பற்றறி கிடைக்காமல் பழைய பற்றறிகளை அம்மா அப்பளம் காயப்போடுவது போல வெயிலில் காயப்போட்டாள். அதில் கொஞ்ச நேரம் ரேடியோ முனகும். அப்பா கேட்பார், ஆனால் திட்டமாட்டார். தேசிக்காய்களை அவர் பரப்பவே இல்லை. வள்ளம் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு, கனடாவிலிருந்து எப்போதாவது வருகிற ஆட்கள் மூலம் தண்டையல் சுகமாக இருக்கிறார் என்று தெரியும். பனிக்காலத்தில் வெளியே போவதில்லையாம். யன்னலடியில் இருந்துகொண்டு தனக்குள்ளே கதைப்பாராம், பேரப்பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். சொன்னவர் கவலையாகத்தான் சொன்னார். அப்பா அதைக் கேட்டு வெகு நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

எனக்குக் கலியாணம் ஆனபோது தொண்ணூற்றுநாலு. என் கணவரும் பூசகர் குடும்பம், அப்பாவுக்கு உதவியாக எங்கள் கோயிலுக்கே வந்துவிட்டார். அவருக்கும் கிரிக்கெட் பைத்தியம், ஆனால் புதுக் கிரிக்கெட். ஒருநாள் உச்சிக்காலப் பூசைக்கு முன், வைரவரின் பழைய தேசிக்காய் மாலையைக் கழற்றிக்கொண்டு வந்தவர், எறியவா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மணலில் மைதானம் விரிந்திருந்தது. மரத்துக்குச் சிரட்டை, பந்துக்குப் பூவரசங்காய். நான் அரிசி களைந்த கையோடு வாசலில் வந்து நின்றேன்.

அப்பா கதையை முழுதாகச் சொன்னார். கப்பலும், கந்தோர்க்காரர்களும், சாய்கிற வெயிலும் வந்தன. வெள்ளைக்காரத் தேசிக்காயை முன்போலவே மெல்ல உருட்டிக்கொண்டு போனார். என் கணவர் மூச்சுவிடாமல் பார்த்தார். ஆட்டமிழந்தவன் நடந்தான், கப்பல் ஊதியது.

"நல்ல பிடி, மாமா," என்றார் என் கணவர்.

"எங்கை பிடிச்சவன்?" அப்பா சீறிக்கொண்டு நிமிர்ந்தார். "அது நிலத்திலை பட்டது!" உள்ளங்கையால் மணலில் ஓங்கித் தட்டினார்.

என் கணவர் திகைத்துப் போனார். நடுவர் விரலைத் தூக்கினாரே என்று ஏதோ கேட்டார். நடுவருக்குக் கண் எங்கே இருந்தது என்று அப்பா கேட்டார். மரத்தில் இருந்து பார்த்தால் நிலம் தெரியாது என்றும் சொன்னார். தண்டையல் சொன்னவை எல்லாம் ஒன்றுவிடாமல், அதே வரிசையில், அதே சூட்டோடு வந்தன. என் கணவர் பணிந்துபோய் மடைப்பள்ளிக்குள் நுழைந்த பிறகு நான் அப்பாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அப்பா, பிடிச்சது எண்டெல்லோ நீங்கள் இவ்வளவு காலமும் சொன்னனீங்கள்?"

"ஓம். பிடிச்சதுதான்."

"பிறகேன் இப்ப மாத்திச் சொன்னனீங்கள்?"

அப்பா தேசிக்காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டார்.

"அவர் இஞ்சை இல்லையெல்லோ, பிள்ளை. அவரின்ரை பக்கத்தை ஆர் கதைக்கிறது?"

சொல்லிவிட்டு, உச்சிக்கால மணி அடிக்க எழும்பிப் போனார்.